‘கிராமட்டிக்கலி’ என்பதை ஹங்கேரியத்தில் எப்படி எழுதுவது?

சொக்கிகுளம் ஆசிரியை:
மதுரையில் இருந்தபடியே இணையவழியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். என் மாணவர்களுள் ஒருவன் புடாபெஸ்டில் வசிக்கும் பள்ளிச் சிறுவன். அவனுடைய கட்டுரையைத் திருத்திவிட்டு ‘ரைட் கிராமட்டிக்கலி’ என்று குறிப்பு எழுதினேன். தாயாருக்கும் புரியட்டும் என்று அகராதியைப் பார்த்து, ‘ஞெல்வ்தனிலக் ஈர்ய்’ என அதன் கீழே ஹங்கேரியத்திலும் சேர்த்தேன். சொல் சரிதான், வாக்கியம்தான் பாதியில் நிற்கிறது என்று அந்த அம்மையார் பதில் எழுதியிருக்கிறார். பிழை எங்கே என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அவனியாபுரத்தான்:
அம்மா, தெப்ரெத்சென் நகரில் சில ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘ஞெல்வ்’ என்றால் நாக்கு, மொழி என இரண்டும் பொருள். ‘தன்’ என்பது இயல். இரண்டும் சேர்ந்து இலக்கணம். அதனோடு ‘இ’ சேர்ந்தால் பெயரடை, மேலும் ‘லக்’ சேர்ந்தால் வினையடை. ஆனால் இந்த ‘லக்’ பெரும்பாலும் ஒரு செயல் எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை. எந்த நோக்கில் பார்க்கிறோம் என்பதையே சொல்கிறது. ஆங்கிலச் சொல் இரண்டு வேலையையும் செய்வதால் வந்த குழப்பம் இது. தமிழில் ‘இலக்கண அளவில் எழுது’ என்றால் எப்படி எழுதுவது என்று கேட்கமாட்டோமா? ‘இலக்கண அளவில் சரியாக எழுது’ என்றால்தான் நிறைவு பெறும். ஆகவே ‘சரியாக’ என்னும் பொருள்தரும் ‘ஹெயெஷென்’ என்பதையும் சேர்த்து, ‘ஈர்ய் ஞெல்வ்தனிலக் ஹெயெஷென்’ என்று எழுதுங்கள்.

திருமங்கலம் தமிழாசிரியர் (ஓய்வு):
தம்பியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஓர் ஐயம் உண்டு. கோட்பாட்டளவில் என்பதற்கு ‘எல்மேலெதிலெக்’ என்று ஓரிடத்தில் கண்டேன். அங்கே ‘லெக்’, இங்கே ‘லக்’ என்று விகுதி மாறுவது ஏன்?

அவனியாபுரத்தான்:
ஐயா, அது உயிரொலி இயைபு. சொல்லில் உள்ள உயிர்கள் வாயின் முன்பகுதியில் பிறந்தால் ‘லெக்’, பின்பகுதியில் பிறந்தால் ‘லக்’. ‘ஞெல்வ்’ முன்னுயிர் கொண்டதுதான். ஆயினும் தொகைச்சொல்லில் இறுதி உறுப்பே முடிவு செய்யும் என்பதால், ‘தன்’ என்பதை ஒட்டி ‘லக்’ வந்தது. மொழிப்பெயர்களுக்கு வேறொரு விகுதி உண்டு; தமிழில் பேசுகிறார் என்பதை ‘தமிலுல் பெஸேல்’ என்பார்கள். நம் ழகரத்துக்கு அங்கே இடமில்லை.

தங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘எஸ் அ மொந்தத் ஞெல்வ்தனிலக் ஹெயெஷ்’ என்றால் ‘இந்த வாக்கியம் இலக்கணப்படி சரி’. நடுவில் வரும் ‘அ’ என்னும் சுட்டிடைச்சொல்லை நீக்கினால், சொல் வரிசை அப்படியே நம்முடையது. ஆங்கிலத்தில் கட்டாயம் வர வேண்டிய ‘இஸ்’ போன்ற வினை இரண்டு மொழியிலும் இல்லை.

சொக்கிகுளம் ஆசிரியை:
மிக்க நன்றி. குறிப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன். சிறுவன் எழுதிய வாக்கியத்திலும் ஆங்கில ‘இஸ்’தான் விடுபட்டிருந்தது, அடுத்த வகுப்பில் ‘மொந்தத்’ வாக்கியத்தையே எடுத்துக்காட்டாகக் காட்டி அதை விளக்கப்போகிறேன்.