இரண்டு பேர் சம்பாதித்தும் திருப்பூர்ப் பக்கம் சொந்த வீடு எட்டுமா?

சேவூரான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதம் 27,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. என் மனைவி பேட்லாக் மெஷினில் பனியன் தைக்கிறார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களையும் வேலை குறைந்த வாரங்களையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் சராசரியாக 17,000 ரூபாய் வரும். அது சனிக்கிழமைதோறும் கையில் வாங்குகிற கூலி. இரண்டு பிள்ளைகளோடு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்.

அவிநாசிக்கு வடக்கே, அப்பா காலத்தில் சோளக்காடாக இருந்த இடத்தில் சைட் போட்டு, சென்ட் ஆறு லட்சம் சொல்கிறார்கள். மூன்று சென்ட் வாங்கி 800 சதுர அடியில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம் தேறும்.

என் அப்பா விசைத்தறிக் கூலியிலேயே ஊருக்குள் இடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார். அந்த வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. அவரைவிட அதிகம் படித்து, இரண்டு பேர் உழைத்தும் எங்களால் ஏன் முடியவில்லை? இது எங்கள் வீட்டுக் கணக்கில் உள்ள குறையா, அல்லது சாதாரணச் சம்பளக்காரர் எல்லோருக்கும் இதே நிலைதானா?

ஈரோட்டு வங்கியாளர் (ஓய்வு):

தம்பி, குறை உங்கள் கணக்கில் இல்லை. இடத்துக்கு 18 லட்சம், கட்டடத்துக்கு 18.4 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து இடத்துக்கு மட்டும் 1.62 லட்சம். போர்வெல், மின் இணைப்பு, வரைபட அனுமதி எல்லாம் சேர்த்தால் 40 லட்சத்தைத் தொடும். உங்கள் இருவரின் ஆண்டு வருமானம் 5.28 லட்சம், ஒரு ரூபாய் கூடச் செலவு செய்யாமல் ஏழரை ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும்.

இனி வங்கி எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்கிறேன். வட்டி 8.5 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் கட்ட வேண்டும். வருமானத்தில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், உங்கள் 27,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கடன் பதினைந்தரை லட்சம். மனைவியின் கூலியையும் கணக்கில் எடுத்தால் அது 25 லட்சத்துக்கு மேல் போகும். கூலி கையில் வருகிறது என்ற ஒரே காரணத்தால் பத்து லட்சம் ரூபாய்க் கடன் தகுதி உங்களுக்கு இல்லாமல் போகிறது. கொங்கு நாட்டில் தறி, பனியன், சாயப்பட்டறை என்று உழைக்கும் குடும்பங்களில் பெரும் பகுதி இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது என்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. விற்பவர் பலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் கிரயம் எழுதிக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கேட்பார்கள். 18 லட்சம் இடத்துக்குப் பத்திரத்தில் 9 லட்சம் என்று இருந்தால், வங்கி அந்த 9 லட்சத்தை வைத்துத்தான் கடன் தரும். மற்ற 9 லட்சத்தை நீங்கள் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். ரொக்கம் வைத்திருப்பவருக்கு இது ஒரு சங்கடமே இல்லை. சம்பளத்தை நம்பி வாழ்பவர் அந்த இடத்திலேயே வெளியேறிவிடுகிறார். மதிப்பைக் குறைத்து எழுதுவது சட்டப்படி தவறு என்பதோடு, பின்னாளில் விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரிந்து மூலதன ஆதாய வரிச் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். முழுத் தொகைக்கும் கிரயம் எழுதித் தருபவரிடம் மட்டுமே வாங்குங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரக் குடும்பங்களில் 69.2 சதவீதம் சொந்த வீட்டிலும் 27.5 சதவீதம் வாடகையிலும் இருந்தன. இதைக் காட்டி எல்லோருக்கும் வீடு இருக்கிறதே என்பார்கள். அப்பா வீட்டில் இருக்கும் பிள்ளையும் அந்த 69-க்குள்தான் வருகிறார். தன் சம்பாத்தியத்தில் புதிதாக வாங்கியவர் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது.

திருப்பூர்த் தையல்காரி:

அண்ணா, ஐயா சொன்னதில் கூலி விஷயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூலியை வங்கியில் போடச் சொல்லுங்கள், பி.எஃப். பிடிக்கும் கம்பெனியாகப் பார்த்து அண்ணியைச் சேர்த்துவிடுங்கள், வங்கியில் காட்ட ஓராண்டுச் சம்பளப் பட்டியல் கையில் இருக்கும். ஆனால் எங்கள் வருமானம் ஆர்டரைப் பொறுத்தது, தவணையோ மாதம் தவறாமல் வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நின்று, வாரத்தில் நான்கு நாள் வேலை என்று ஆனது. அந்த மாதங்களில் 20,000 ரூபாய்த் தவணை இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே முடியவில்லை. இரண்டு பேரின் முழு வருமானத்தையும் காட்டிக் கடன் வாங்கினாலும், ஒருவருடைய சம்பளத்தில் கட்ட முடிகிற அளவோடு நில்லுங்கள். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்காமல் பூமி பூஜை போடாதீர்கள்.

கோவைப் பொறியாளர்:

கட்டடச் செலவு ஏறியிருக்கிறது என்பது உண்மைதான். எம் சாண்ட், ஜல்லி விலை ஏறியது, சிமெண்ட்டுக்கு மட்டும் 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வீட்டைத் தூரத்துக்குக் கொண்டு போனது செங்கல்லும் சிமெண்ட்டும் அல்ல, நிலம்தான். அன்னூர், சூலூர், பல்லடம் பக்கங்களில் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். தார்ச் சாலையும் தெருவிளக்கும் போட்டு, எல்லா மனையும் விற்றுத் தீர்ந்த லேஅவுட்டுகளில் எல்லைக் கற்களைச் சுற்றிச் சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கிறது. நூறு மனையில் பத்து வீடு இருந்தால் அதிகம். அவற்றை வாங்கியவர்களுக்கு அந்த இடம் குடியிருக்கத் தேவைப்படவில்லை, பணத்தைப் போட்டு வைக்கத் தேவைப்பட்டது. குடியிருக்க இடம் தேடும் உங்களைப் போன்றவர்கள் அவர்களோடு விலைப் போட்டியில் இறங்க வேண்டியிருக்கிறது. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன். சிங்காநல்லூரிலும் கவுண்டம்பாளையத்திலும் வீட்டு வசதி வாரியம் ஹவுசிங் யூனிட் கட்டியதைப் போல, அரசு நிலத்தை எடுத்துச் சம்பளக்காரருக்கு வீடாகத் தரும் வேலையை மறுபடியும் பெரிய அளவில் செய்யாமல் இது மாறாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சென்டை இரண்டாகக் குறையுங்கள். 871 சதுர அடியில் 550 அடிக்குத் தரைத்தளம் மட்டும் கட்டி, பின்னால் மேலே எடுக்கத் தகுந்த அளவில் தூண்களையும் அஸ்திவாரத்தையும் இப்போதே போட்டுவிடலாம். மொத்தம் 28 லட்சத்துக்குள் முடியும். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-இல் வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளும் இருந்தால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு, அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். உங்கள் 40 லட்சம் திட்டத்துக்கு இது கிடைக்காது. குடும்பத்தில் யார் பெயரிலும் வேறு வீடு இருக்கக் கூடாது என்பதால், பூர்விக வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அது விடுதலைப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சைட் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனையை விலை குறைவு என்று தொடவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மூன்று சென்டைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து நீங்களே வெட்டிப் பிரித்துக்கொள்வதும் வரைபட அனுமதியில் சிக்கலாகும். இரண்டு சென்டாகவே அங்கீகரித்த மனையாகத் தேடுங்கள்.

சேவூரான்:

எல்லோருக்கும் நன்றி. மனைவியின் கூலியை வங்கியில் போடும்படி கம்பெனியில் நேற்றே கேட்டோம், அடுத்த மாதத்திலிருந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சகோதரி சொன்னபடி ஓராண்டு பொறுத்து, ஆறு மாதத் தவணையைச் சேர்த்த பிறகே இறங்குவது என்று முடிவெடுத்திருக்கிறோம். விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறோம், ஆனால் பதிவு செய்யவில்லை. அதை முதலில் முடிக்க வேண்டும். அவிநாசி, பெருமாநல்லூர், குன்னத்தூர்ப் பக்கம் இரண்டு சென்டாக அங்கீகரித்த மனை, முழுத் தொகைக்கும் கிரயம் எழுதித் தருபவரிடம் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.