டாக்ஸிஜன்: ஃபங்ஷன் எதுவும் வரவில்லை, அவசரம்

ஒற்றியூர்_தம்பி:
கமென்ட் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டேன். கமென்ட்களைப் படித்து ஆவணப் பக்கம் உருவாக்கும் டாக்ஸிஜன் எரர் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் பக்கத்தில் ஸ்ட்ரக்ட் மட்டும்தான் வருகிறது, ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லை. எடைமேடை மென்பொருளோடு நாளை காலை மணலி யார்டில் கொடுத்தாக வேண்டும். யாராவது சொல்லுங்கள் அண்ணா.

ராயபுரம்_ரூட்:
என்ன மொழி? சி-யா, சி++-ஆ? கமென்ட் தொடக்கம் /* என்றா, /** என்றா? ஒற்றை நட்சத்திரம் என்றால் அது சாதாரணக் கமென்ட், டாக்ஸிஜன் கண்டுகொள்ளாது.

காசிமேடு_கோடர்:
கோப்புகள் சப்ஃபோல்டரில் இருக்கும். டாக்ஸிஜன் அமைப்பில் சப்ஃபோல்டரிலும் தேடச் சொல்லும் ரிகர்சிவ் இயல்பாகவே 'நோ', அதை 'யெஸ்' ஆக்கு. வேறு எதுவும் தேவையில்லை.

ஒற்றியூர்_தம்பி:
சி. /** தான். எல்லாம் ஒரே ஃபோல்டர்.

காசிமேடு_கோடர்:
அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்ட்_ஆல் 'யெஸ்' போடு, எல்லாம் வந்துவிடும்.

பழைய_கம்பைலர்:
வரும். எந்த ஃபங்ஷனுக்குக் கமென்ட் இல்லை என்று எச்சரிப்பதும் கூடவே நின்றுபோகும். கையேட்டைப் படிக்காமல் மருந்து எழுதித் தர வேண்டாம். தம்பி, சி-யில் ஃபங்ஷன், மேக்ரோ, டைப்டெஃப் எல்லாம் எந்த கிளாஸுக்குள்ளும் இல்லாதவை. அவை இருக்கும் கோப்புக்கே விளக்கம் வேண்டும். /** @ஃபைல் */ என்று ஒரு வரி, ஒவ்வொரு கோப்பின் தலையிலும். முதலில் தேடிவிட்டுக் கேட்கும் பழக்கம் வரட்டும்.

வியாசர்பாடி_பைதான்:
இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? பைதானில் ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கமான டாக்ஸ்ட்ரிங் என்பது வெறும் கமென்ட் அல்ல. நிரல் ஓடும்போதே ஹெல்ப் கேட்டால் காட்டும். அதை எழுதும் முறையைச் சொல்லும் பெப் 257 2001-லேயே வந்துவிட்டது.

ராயபுரம்_ரூட்:
எடைமேடை கன்ட்ரோலரில் பைதான் ஏற்றித் தருவீர்களா?

ஜாவா_ஜார்ஜ்டவுன்:
எல்லாவற்றுக்கும் மூத்தது ஜாவாவின் ஆவணக் கருவியான ஜாவாடாக் ப்ரோ. முதல் வாக்கியத்தைத் தானாகவே சுருக்க விளக்கமாக எடுத்துக்கொள்ளும். டாக்ஸிஜனில் அதற்கும் @பிரீஃப் எழுத வேண்டும், இல்லையென்றால் ஜாவாடாக்_ஆட்டோபிரீஃப் போட வேண்டும். 2024-இல் வந்த ஜாவா 23-இல் /// போட்டு மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையிலேயே எழுதலாம்.

பழைய_கம்பைலர்:
மூத்தது என்று யார் சொன்னது? ஜாவா வருவதற்கு முன்பே பெர்லில் பாட் என்ற ஆவண வடிவம் இருந்தது.

வியாசர்பாடி_பைதான்:
பெர்ல் எழுதியவருக்கே அடுத்த மாதம் அந்த நிரல் புரியாது, இதில் ஆவணம் வேறு!

காசிமேடு_கோடர்:
தமிழில் கமென்ட் எழுதினால் வருமா? யார்டு ஆட்களும் படிப்பார்களே.

ராயபுரம்_ரூட்:
கோப்பு யூடிஎஃப்-8-இல் இருந்தால் எச்டிஎம்எல்லில் வரும். பிடிஎஃப் லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் போகிறது, அங்கே தமிழ் எழுத்துருவுக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒற்றியூர்_தம்பி:
@ஃபைல் போட்டேன், வந்துவிட்டது. நன்றி அண்ணா. டேர் எடை (வெற்று வண்டியின் எடை) கழிக்கும் ஃபங்ஷன் மட்டும் இன்னும் காணோம்.

ராயபுரம்_ரூட்:
அதற்கு முன்னால் ஸ்டாட்டிக் (அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும் என்ற குறி) இருக்கிறதா? இருந்தால் எக்ஸ்ட்ராக்ட்_ஸ்டாட்டிக் 'யெஸ்' ஆக வேண்டும்.

ராயபுரம்_ரூட்:
தம்பி?