நம்ம பழைய பிளேயர் நமக்கே கோல் போட்டா கை தட்டலாமா? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

பி ஸ்டாண்ட் வாசி:
2020 நவம்பர், ஐஎஸ்எல் ஃபுட்பால், நம்ம சென்னையின் எஃப்சி - ஜாம்ஷெட்பூர் மேட்ச். கொரோனா டைம், எல்லா மேட்ச்சும் கோவாலதான், கேலரில ஒரு ஈ காக்கா கிடையாது. முதல் நிமிஷத்துலயே நம்ம தாபா கோல் போட்டாரு, அப்புறம் ஒரு பெனால்டி, 2-0ன்னு நானும் தம்பியும் நிம்மதியா உக்காந்து பாத்துட்டிருந்தோம். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னாடி, நம்மகிட்ட இருந்து ஜாம்ஷெட்பூருக்குப் போன வால்ஸ்கிஸ் தலையால முட்டி ஒரு கோல். போன சீசன் முழுக்க அந்தத் தலையத்தான நம்பிக்கிட்டிருந்தோம், 15 கோல், அதிக கோலுக்கான கோல்டன் பூட், மார்ச்ல நடந்த ஃபைனல்ல நாம 3-1ன்னு தோத்தப்ப அந்த ஒத்த கோல போட்டதும் அவருதான். எனக்குக் கை தானா தட்டிருச்சு. ரெண்டே ரெண்டு தட்டு. தம்பி திரும்பிப் பாத்தான். "அவன் போட்டது நம்ம வலையிலண்ணா"ன்னான், போட்டிருந்த நீல ஜெர்சிய கழட்டி சேர்ல போட்டுட்டு மொட்டமாடிக்குப் போயிட்டான். கடைசில நாமதான் 2-1 ஜெயிச்சோம், நான் கத்திக் கூப்பிட்டும் அவன் இறங்கி வரல. நான் செஞ்சது தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

பிரிட்ஜ் பையன்:
தப்பே இல்ல ப்ரோ. 2014 செப்டம்பர், ஞாயித்துக்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் டிவி ரூம், மான்செஸ்டர் சிட்டி - எங்க செல்சி. லாம்பார்ட் பத்தி நான் சொல்ல வேணாம், எங்களுக்கு 13 வருஷம், 211 கோல், இப்ப சிட்டில. ஷூர்லே போட்டு நாங்க 1-0, அவனுங்க பத்து பேரு, மேட்ச் முடிஞ்சுதுன்னு நெனச்சப்ப லாம்பார்ட்ட எறக்குறாங்க. 85வது நிமிஷம், மில்னர் குடுத்த பந்து, ஒரே தட்டு, உள்ள. ரூம்ல சிட்டி பசங்க எங்க மேல ஏறி குதிக்குறானுங்க, ஆனா நான் பாத்தது லாம்பார்ட் மூஞ்சியத்தான், சிட்டி பிளேயர்ஸ் வந்து கட்டிப்புடிக்குறாங்க, அவரு கையக் கூட தூக்கல, ஏதோ சாவு வீட்டுல நிக்குற மாதிரி நிக்குறாரு. வெளியூர் ரசிகர்களுக்கான அவே கேலரில எங்க செல்சி ஆளுங்க அவரு பேரச் சொல்லி பாடுனாங்க. பாயின்ட் போச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு, ஆனா அது பாயின்ட்டுக்காக இல்ல. அவரு நம்மள விட்டுட்டுப் போகல, கான்ட்ராக்ட் முடிஞ்சுது, அவ்ளோதான். வால்ஸ்கிஸ் கதை கொஞ்சம் வேற, உங்க பழைய கோச் கோய்ல் போன கிளப்புக்கே அவரும் போனாரு, அதனால உங்க தம்பி கோவத்துலயும் நியாயம் இருக்கு.

ஹைபரி காலத்து ஆளு:
எல்லாரும் லாம்பார்ட் லாம்பார்ட்னுவீங்கன்னு தெரியும். எனக்கு அடபயோர், எங்க ஆர்சனல்ல இருந்து சிட்டிக்குப் போனவரு. 2009 செப்டம்பர், சிட்டி கிரவுண்டு, 4-2 தோத்தோம். தோத்தது கூட மறந்துருச்சு. கோல் போட்டுட்டு அந்தக் கோடில இருந்து இந்தக் கோடி வரைக்கும் கிரவுண்ட் முழுக்க ஓடி வந்து, எங்க ஆளுங்க நிக்குற கேலரி முன்னாடி முட்டி போட்டு சறுக்கி, ரெண்டு கையயும் விரிச்சாரு பாருங்க. அதே மேட்ச்லதான் எங்க வான் பெர்சி மூஞ்சில அவரு மிதிச்சதும். எங்க மெஸ்ல டிவி பாத்துட்டிருந்த பதினஞ்சு பேரும் வாயடைச்சுப் போயிட்டோம், சாம்பார் ஊத்திட்டிருந்த அண்ணன் கூட கரண்டியோட அப்படியே நின்னுட்டாரு. அதனால சொல்றேன், கை தட்டுறது கடமை கிடையாது. பிரிட்ஜ் பையன், உங்க லாம்பார்ட் தலையக் குனிஞ்சு நின்னதாலதான் உங்களுக்கு அழுகை வந்துச்சு, அதே ஆளு சறுக்கிட்டு வந்திருந்தா பாடியிருப்பீங்களா?

பிரிட்ஜ் பையன்:
பாடியிருக்க மாட்டோம், ஒத்துக்குறேன். ஆனா அன்னிக்கு உங்க ஆளுங்க மேட்ச் பூரா அடபயோர என்னென்ன சொல்லி கத்துனாங்கன்னும் சேத்து சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு மேல உங்களுக்கு ஆடுன மனுஷன்.

கிளாஸ்கோ வாசி:
நான் ஊர் யாழ்ப்பாணம், அந்த நேரம் கிளாஸ்கோவில ஒரு கடையில வேலை. 2004 செப்டம்பர், சாம்பியன்ஸ் லீக், செல்டிக் பார்க்குக்கு பார்சலோனா வருது. லார்சன் எங்கட செல்டிக்கை விட்டு பார்சலோனாவுக்குப் போய் நாலு மாசம்தான். ஏழு வருசம், 242 கோல், அந்த மனுசன் கால் முறிஞ்சு திரும்பி வந்து ஆடினவர். ஒரு கிழமைச் சம்பளத்தில பாதி டிக்கெட்டுக்குப் போச்சு. அவர் உள்ளுக்கு வரேக்க முழு ஸ்டேடியமும் எழும்பிக் கை தட்டுது, நானும் தட்டினனான். பிறகு 82வது நிமிசம், பந்து காலில வந்து விழுந்தது, அவர் விடுவாரே? 3-1. அவர் சிரிக்கேல்ல, கொண்டாடேல்ல. எனக்குப் பக்கத்தில ஒரு வயசுபோன மனுசன், பச்சை வெள்ளை ஸ்கார்ஃபால ஒரு கையால கண்ணைத் துடைச்சுக்கொண்டு, மற்றக் கையால முன்சீற்றின்ர முதுகில தட்டிக்கொண்டே இருந்தார், டப் டப் டப் எண்டு. சுத்தியிருந்த சனமும் தட்டினது. நான் தட்டேல்ல. தோத்த கோவம், போன காசு, எல்லாம் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தனான். அந்த மனுசன் என்னை ஒருக்கா பாத்தவர், ஒண்டும் சொல்லேல்ல. அந்தப் பார்வைதான் இன்னும் விடுகுதில்ல.

ஓல்ட் டிராஃபோர்டு தாத்தா:
நான் 1999ல சேப்பாக்கத்துல இருந்தேன், பாகிஸ்தான்கிட்ட 12 ரன்ல தோத்து, எந்திரிச்சு நின்னு தட்டுனோம், அவங்க கிரவுண்ட சுத்தி ஓடுனாங்க. என் கதை அவ்ளோதான்.

பி ஸ்டாண்ட் வாசி, உங்க தம்பி விஷயத்துக்கு வரேன். முதல்ல அவன்கிட்ட நீ செஞ்சது தப்புன்னு சொல்லாதீங்க. சின்ன வயசுல டீம்தான் வீடு, வீட்ட விட்டுப் போனவன் வீட்டுலயே கல்லெறிஞ்ச மாதிரிதான் அவனுக்குத் தோணும். அவன உக்காத்தி வெச்சு டெனிஸ் லா கதைய சொல்லுங்க. மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு 11 வருஷம் ஆடுன ஆளு, 1974 ஏப்ரல்ல சிட்டி ஜெர்சில ஓல்ட் டிராஃபோர்டுல பின்னங்காலால தட்டி கோல் போட்டாரு, கூட வந்தவங்க தோளத் தட்டுறாங்க, அவரு தலையே நிமிரல, உடனே வெளிய கூப்பிட்டுட்டாங்க. ஜனம் கிரவுண்டுக்குள்ள பூந்துருச்சு. யுனைட்டெட் கீழ் டிவிஷனுக்குப் போச்சு. அவரு கோலாலதான் போச்சுன்னு நெறைய பேரு நம்புறாங்க, அது தப்பு, மத்த ரிசல்ட்டால எப்படியும் போயிருக்கும். அதே ஓல்ட் டிராஃபோர்டுல அவருக்கு இன்னிக்கு சிலை நிக்குது, 2025 ஜனவரில அவரு இறந்து போனப்ப அந்தச் சிலைக்குக் கீழ பூவும் ஸ்கார்ஃபுமா குவிஞ்சுது. இதச் சொல்லிட்டு விட்டுருங்க, நீதி சொல்லாதீங்க. ரெண்டாவது, டிவில பாக்குறது பத்தாது, நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பழைய ஆளு யாராவது எதிர் டீம்ல வர்ற மேட்ச்சா பாத்து. மேட்ச் முடிஞ்சதும் உடனே கெளம்பாதீங்க, அந்தப் பழைய ஆளு கேலரி பக்கம் வந்து கும்பிடு போடுவாரு, அத அவன் நேர்ல பாக்கட்டும். மூணாவது, அந்த ஜெர்சிய தொவைச்சு மடிச்சு அவன் அலமாரில வெச்சிருங்க, ஒண்ணும் பேசாம.

ஹைபரி காலத்து ஆளு:
ஐயா, சேப்பாக்கம் வேற. அவங்க எதிராளி, நல்லா ஆடுனாங்க, தட்டுனீங்க. இவன் நம்மாளு. நம்மாளு அடிச்சாதான் வலி அதிகம்.

வியாசர்பாடி ஸ்டாப்பர்:
எங்க ஏரியால நடந்தத சொல்றேன், டிவில வந்தது இல்ல. எங்க டீம்ல லெஃப்ட் விங் ஆடுன பையன், எட்டு வயசுல இருந்து வெறுங்கால்ல எங்க கூடவே ஓடுனவன், ஒரு ஆபீஸ் டீம்ல வேலையோட எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷமே லீக்ல எங்களுக்கு எதிரா எறங்குறான். நான்தான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்குற ஆளு. எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்கு அத்துப்படி, ஆனா அவனுக்கும் என்னத் தெரியுமே, நான் எடம்னு போனேன் அவன் வலம்னு வெட்டிட்டான். கோல். 

நான் கீழ கெடக்கேன், திரும்பிப் பாக்குறேன், எங்க பக்கத்து படிக்கட்டுல அவங்க அம்மா. எப்பவும் எங்க மேட்ச்சுக்குத் தண்ணி கொண்டு வர்ற மாதிரியே அன்னிக்கும் எங்க டீமுக்குத் தண்ணி கொண்டு வந்து எங்க ஆளுங்க நடுவுலதான் உக்காந்திருக்காங்க. மகன் கோல் போட்டதும் கைய தூக்கிட்டாங்க, தட்டப் போனவங்க சுத்தி எங்க பசங்க மூஞ்சியப் பாத்துட்டு, அப்படியே கைய எறக்கி முந்தானைய வாயில வெச்சிக்கிட்டாங்க. 

நான் எந்திரிச்சு தட்டுனேன். எங்க கோச் திட்டுனாரு, பரவால்ல. அப்புறம்தான் அவங்களும் தட்டுனாங்க.

கிளாஸ்கோ வாசி:
அந்தப் பொடியன் கொண்டாடினவனோ?

வியாசர்பாடி ஸ்டாப்பர்:
இல்ல ப்ரோ. வலைக்குள்ள போய் பந்த எடுத்து எங்க கோலி கையில குடுத்துட்டு, என்னத் தூக்கி விட வந்தான். அதுக்குள்ள நான் எந்திரிச்சிட்டேன். என் கால்ல ஷின் கார்டு கழண்டு தொங்கிட்டிருந்துச்சு, குனிஞ்சு அத மாட்டி விட்டுட்டுப் போனான்.