கலைச்சொல்: ‘டிரை டவுன்’ – உலர்மணமா, படிமணமா?

அனைவருக்கும் வணக்கம்.

வாசனைத் திரவியச் சொற்பட்டியலில் ‘டிரை டவுன்’ என்பதற்கு ‘உலர்மணம்’ என்று இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. சென்ட்டில் உலர்வது ஆல்கஹால்; தோலில் பட்ட ஓரிரு நிமிடங்களில் அது போய்விடும். நாம் பெயர் தேடுவதோ மூன்று மணி நேரம் கழிந்தும் தோலோடு கிடக்கும் வாசனைக்கு. ‘உலர்மணம்’ என்று படித்தவர் ஈரம் காய்ந்ததுமே முகர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுவார். கடைகளில் நடக்கும் தவறே அதுதான்.

நினா ரிச்சியின் ‘லேர் டு டாம்’ (1948) என்ற சென்ட் நல்ல சான்று. முதலில் பெர்கமாட்டின் எலுமிச்சை வாசம். கால் மணி நேரத்தில் அடங்கத் தொடங்கும். பிறகு கார்னேஷன் பூ. அதன் காரமும் கதகதப்பும் யூஜினால் என்னும் வேதிப்பொருள் தருவது. கிராம்பின் மணமும் அதுவே. இலங்கைக் கறுவா இலைத் தைலத்தில் பெரும்பங்கும் அதுவே. கடைசியில் சந்தனமும் கஸ்தூரிச் சாயலும். எலுமிச்சை இனத் தைலங்களிலுள்ள லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ்; யூஜினாலுக்கு 254. தோலின் வெப்பமோ 32–34 டிகிரிதான், அங்கே எதுவும் கொதிப்பதில்லை. ஆவியழுத்தம் மிகுந்தது முந்திக் கிளம்புகிறது, குறைந்தது பிந்துகிறது.

ஆகவே இந்த மூன்று கட்டங்களுக்கும் முறையே எழுமணம், விரிமணம், படிமணம்; ‘டிரை டவுன்’ என்பது படிமணம். மூன்றும் வினைத்தொகை, காலம் காட்டாமலே ஓட்டத்தைக் காட்டும்.

*

> எழுமணம், விரிமணம், படிமணம்

ஐயா, படிமணம் எனக்கு உடன்பாடு. வண்டல் படிவது, தூசி படிவது போல மெல்ல இறங்கி ஒட்டுவது என்ற பொருள் சரியாக விழுகிறது. ஆனால் இரண்டு கருத்துகள் இங்கே கலந்துவிடக் கூடாது. மேல், நடு, அடி என்பது கலவைப் பொருள்களின் வகைப்பாடு. வாசனைத் திரவிய வல்லுநர் பூச்சர் மூலப்பொருள்களை ஆவியாகும் வேகப்படி 1 முதல் 100 வரை எண்ணிட்டு, 14 வரை மேல், 60 வரை நடு, அதற்கு மேல் அடி என்று பிரித்தார். ‘டிரை டவுன்’ அப்படியொரு வகை அன்று, தோலில் வரும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அடிப்பொருள்களோடு கிராம்பு மணமுள்ள யூஜினாலின் மிச்சமும் கிடக்கும். எனவே பொருளுக்கு அடிமணம், கட்டத்துக்குப் படிமணம் என இரண்டும் வேண்டும்.

‘தங்குமணம்’ என்பதை இங்கே செலவழிக்க வேண்டாம்; எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று சொல்லும்போது தேவைப்படும். பல மணங்கள் கூடி ஒரே மணமாகப் படும் ‘அக்கார்டு’ என்பதற்கு ‘கலப்புமணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது திருமணத்தைக் குறிக்கும் சொல்லாக ஊன்றிவிட்டது, ‘மணக்கூட்டு’ போதும்.

*

அம்மா சொன்ன பிரிவை ஏற்று விளக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். சோதிக்கும் முறையும் சேர்ந்தால்தான் சொல் நிலைக்கும்.

படிமணம்: விரைந்து ஆவியாகும் பொருள்கள் நீங்கியபின் தோலில் எஞ்சி, மெல்ல மாறும் வாசனை.

அறியும் முறை: முன்கையின் உட்புறத்தை வாசனையற்ற சோப்பால் கழுவித் துடைக்கவும். 15 செ.மீ. தொலைவிலிருந்து ஒரே ஒரு முறை அடிக்கவும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மூலக்கூறு நசுங்கும் என்பது கட்டுக்கதை. சூடேறி எழுமணம் சீக்கிரம் கலைந்துவிடும், அவ்வளவே. 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம், 6 மணி நேரம் ஆனதும் முகர்ந்து குறித்துக்கொள்ளவும். இடையில் ஓயாமல் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய், இருக்கும் வாசனையும் இல்லாததுபோல் தோன்றும். காகிதப் பட்டையில் மட்டும் பார்த்தால் போதாது: அங்கே உடல் சூடும் தோலின் எண்ணெயும் இல்லை, எழுமணம் கூடுதல் நேரம் நீளும். வறண்ட தோலிலோ எல்லாமே விரைந்து போகும்.

சில செயற்கைக் கஸ்தூரிகளை முகரவே இயலாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் படிமணம் வெறுமையாகப் படும். ஆகையால் 6 மணி நேரக் குறிப்பை இன்னொருவர் மூக்கிலும் சரிபார்க்கவும்.