பூட்டிய வீட்டுக்கு வந்த ரீகால் கடிதம்: உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?
(ரீகால் என்பது பழுதுள்ள வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்வது. எழுதுபவரின் பெயருக்குப் பதிலாக அவரவர் ஊர்ப்பெயர்.)

கானாடுகாத்தான்
ஒன்பது நாட்களாகத் தூக்கம் சரியில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகச் சென்னையிலிருந்து காரில் ஊருக்கு வந்தோம். முழங்கால் வலி என்பதால் ஆத்தா முன் இருக்கையில். வீடு ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. கதவைத் தள்ளும்போது அடியில் ஏதோ சிக்கியது. சாரலில் நனைந்து ஆத்தங்குடித் தரைக்கல்லோடு ஒட்டிப்போன தபால் உறை. நகத்தால் பெயர்த்தேன், அப்பச்சியின் பெயரும் விலாசமும் தரையிலேயே தங்கிவிட்டன, உள்ளிருந்த கடிதம் கையோடு வந்தது. முன்பக்கப் பயணியின் ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் பழுது, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறிக்கலாம், உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தது. தேதி ஆறு மாதத்துக்கு முந்தையது. திரும்பிப் பார்த்தால் ஆத்தா அதே இருக்கையில் உட்கார்ந்தபடி, இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கடிதம் போட்டால் கடமை முடிந்துவிடுமா? அப்பச்சியின் கைபேசி எண் கார் நிறுவனத்திடம் இருக்கிறது. தீபாவளிச் சலுகையைச் சொல்ல அந்த எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள்.

தேவகோட்டை
உங்களுக்காவது கடிதம் வந்தது. நாங்கள் வாங்கியது பழைய கார். திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது. பின்னால் செங்கல் லாரி. அதன் ஹாரன் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. என் மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். லாரிக்காரர் வண்டியை மண்ணில் இறக்கியதால் பிழைத்தோம். காரைக்குடி மெக்கானிக் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வண்டிக்கு ஃப்யூயல் பம்ப் ரீகால் இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா?" என்றார். சொல்லியிருக்கிறார்கள், விற்றவருக்கு. ஆர்.சி. என் பெயருக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

பள்ளத்தூர்
கானாடுகாத்தான் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. சென்னையில் குடியிருந்துகொண்டு ஆர்.சி.யில் ஊர் விலாசத்தை வைத்திருந்தால் தபால் எங்கே போகும்? விலாசம் மாறினால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. எனக்கும் ஒரு முறை பிரேக் சம்பந்தமாக அழைப்பு வந்தது. போனேன், முக்கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன். சேஸிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது, ஆர்.சி.யிலேயே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றியதோடு நிற்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போய் அவர்கள் பதிவிலும் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். ரீகால் வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், விற்கும்போது உதவும். பழுது என்று உங்களுக்கே தோன்றினால் அரசின் வாகன் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசு அசையும். நாம் யாரும் கொடுப்பதில்லை.

காரைக்குடி
பள்ளத்தூர் அண்ணன் மேல் மரியாதை உண்டு, ஆனால் பாரத்தையெல்லாம் வண்டிக்காரன் தலையில் வைக்கிறார். அமெரிக்காவில் என் மகள் வைத்திருப்பது மூன்று கை மாறிய கார். நான் அங்கே தங்கியிருந்தபோது ஒரு காலை தபால் வந்தது. உறையின் மேலேயே பாதுகாப்பு ரீகால் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. மூன்றாவது கையான இவளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். நிறுவனம் தன் விற்பனைப் பதிவை மட்டும் நம்பக்கூடாதாம்; மாநிலப் பதிவேட்டில் இன்றைய உரிமையாளர் யார் என்று பார்த்து அனுப்ப வேண்டுமாம். அரசுக்குத் தெரிவித்த 60 நாட்களுக்குள் தபால் போயாக வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை 1966இல் வந்த சட்டம்.

நம் நாட்டில் 2012 முதல் இருந்தது நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நடைமுறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில்தான் ரீகாலுக்கான 110ஏ பிரிவு வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழுது தெரிந்தால் நிறுவனமே மத்திய அரசுக்குச் சொல்லி ரீகாலைத் தொடங்க வேண்டும். அரசு உத்தரவிட்டுத் திரும்பப் பெறவைத்தால் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தக் கட்டாய உத்தரவு ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் ஏன் வெடித்தன? உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெயிலிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்து கெட்டதால். வண்டி பழசாகப் பழசாகத்தான் ஆபத்து கூடுகிறது. நம் ஊர் வெயிலில் பத்து வருடமாக நிற்கும் வண்டியை யார் அழைப்பார்கள்?

தேவகோட்டை
நான் விலாசம் மாற்றினேன், பெயர் மாற்றினேன், எல்லாம் செய்தேன் பள்ளத்தூர் அண்ணா. அரசிடம் என் பெயர் இருக்கிறது. நிறுவனம் அங்கே பார்க்கவில்லை.

கானாடுகாத்தான்
விலாசத்தை மாற்றாதது எங்கள் தவறுதான். ஊர் வீடு இருக்கும்வரை ஊர் விலாசம்தான் என்பார் அப்பச்சி, நானும் வற்புறுத்தவில்லை. இன்று விண்ணப்பித்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் பாகம் கையிருப்பில் இல்லையாம், மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்றார்கள். காரைக் கொட்டகையில் விட்டுவிட்டோம். நாளைக் காலைப் பல்லவன் ரயிலில் ஆத்தாவை அழைத்துப் போகிறேன். காலை நீட்டிக்கொள்ள ஜன்னலோர இருக்கையாகக் கேட்டிருக்கிறார்கள்.