ட்ரீம்காஸ்ட் டிஸ்க் படிக்கவில்லை, நடுவில் ரீசெட்டும் ஆகிறது. ஜி.டி.எமு போட்டால் தீருமா?

சிப்புட்_பழையபெட்டி

வணக்கம் அண்ணன்மார்களே. இடம் சுங்கை சிப்புட், தோட்டத்து வீடு. ட்ரீம்காஸ்டின் (சேகாவின் பழைய கேம் பெட்டி) அடி ஸ்டிக்கரில் எச்.கே.டி-3030 என்றும், வட்டத்துக்குள் 1 என்றும் இருக்கிறது.

கோளாறு இரண்டு. பத்து டிஸ்க்கில் மூன்றைத்தான் படிக்கிறது. படிக்கும் டிஸ்க்கும் இருபது நிமிடத்தில் ரீசெட் ஆகி மெனுவுக்குப் போய்விடுகிறது. லென்ஸைத் துடைத்தாயிற்று, மாற்றமில்லை. டிரைவைக் கழற்றிவிட்டு, டிஸ்க்குக்குப் பதில் எஸ்.டி. கார்டிலிருந்து கேமைப் படிக்கும், ஆன்லைனில் விற்கும் ஜி.டி.எமு 5.20 போர்டைப் போட்டால் இரண்டும் சரியாகுமா? சோல்டர் வேலை உண்டா? எந்த எஸ்.டி. கார்டு வாங்குவது?

இன்னொன்று. சேகாவின் இன்னொரு பழைய பெட்டியான மெகா டிரைவுக்கு மலிவான பல கேம் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ஈயக்கம்பி

தம்பி, வட்டத்துக்குள் 1 என்றால் மெயின் போர்டு வி.ஏ.1 என்ற பதிப்பு. ஜி.டி.எமு அதற்குத்தான் செய்யப்பட்டது. 0, 2 என்று இருந்தால் வாங்கவே கூடாது, கனெக்டர் பொருந்துவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எச்.கே.டி-3030 என்பது 220-240 வோல்ட் மாடல், அதிலும் பயமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்.கே.டி-3000 ஜப்பான் பெட்டி, 100 வோல்ட். எச்.கே.டி-3020 அமெரிக்கப் பெட்டி, 120 வோல்ட். ரேடியோவுக்குப் போடும் எட்டு வடிவ வயர் எல்லாவற்றிலும் நுழையும். அந்த இரண்டையும் நேராக நம் வீட்டு பிளக்கில் செருகினால் பவர் சப்ளை அங்கேயே போய்விடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கோளாறுக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதே. டிஸ்க் படிக்காதது லேசர் தேய்ந்ததால். ரீசெட் ஆவது பெரும்பாலும் பவர் சப்ளை பின்களால். பவர் சப்ளை போர்டு, மெயின் போர்டிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஆறு பின்களில் செருகி உட்கார்ந்திருக்கிறது. அங்கே சோல்டர் கிடையாது, வெறும் உரசல் தொடர்புதான். நம் ஊர் ஈரத்தில் பின்மேல் கறை படியும். கறை படிந்தால் தடை கூடும், பெட்டி சூடாகும்போது வோல்ட்டேஜ் ஒரு நொடி இறங்கும், உடனே ரீசெட். டிரைவை எடுத்துவிட்டு ஜி.டி.எமு போட்டாலும் இந்த ரீசெட் அப்படியே இருக்கும். புது போர்டு பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்தப் பின்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆகவே காசு செலவழிப்பதற்கு முன் இதைச் செய். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விடு. 230 வோல்ட் உள்ளே போனால் முதல் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கியதும் அது இறங்கிவிடாது. பிறகு பக்கவாட்டில் இருக்கும் மோடத்தைக் கழற்று. அடியில் நான்கு ஸ்டார் (பிலிப்ஸ், கூட்டல் குறி) திருகு, அதில் ஒன்று மோடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் மூடியை இழுத்து உடைப்பவர்கள் உண்டு. பவர் சப்ளையின் திருகுகளை எடுத்துவிட்டு நேராக மேலே தூக்கு. தூக்கும்போது கெப்பாசிட்டர் இருக்கும் அடிப்பக்கத்தில் விரல் வைக்காதே. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஆறு பின்னையும் நாலு பக்கமும் தேய். பஞ்சு கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை நிறுத்தாதே. மணல்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடி கறுக்கும். காய்ந்தபின் பவர் சப்ளையைச் செருகி, எடுத்து, மூன்று நான்கு தடவை திரும்பச் செருகு.

அதன்பின் நன்றாகப் படிக்கும் அந்த மூன்று டிஸ்க்கில் ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிடு. ரீசெட் வராவிட்டால் மிச்சம் லேசர் மட்டும்தான். லேசர் பக்கத்துச் சின்னத் திருகைத் திருப்பச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பாய். திருப்பினால் கொஞ்ச நாள் படிக்கும், ஆனால் கூடுதல் கரண்டில் எரியும் லேசர் சீக்கிரமே சாகும். டிரைவைத்தான் மாற்றப்போகிறோம் என்றால் அதில் கை வைக்காமல் பத்திரமாக எடுத்து வை.

ஜி.டி.எமு போட சோல்டர் தேவையில்லை. பழைய டிரைவின் திருகுகளைக் கழற்றி நேர்மேலாகத் தூக்கினால் கனெக்டர் விடும். அதே கனெக்டரில் புது போர்டை அழுத்தி உட்காரவை. காலியான இடத்துக்கு 3டி பிரிண்ட் தட்டு ஒன்று வாங்கிப் போடு. இல்லாவிட்டால் போர்டு ஆடும், எறும்பும் பல்லியும் குடியேற இடம் கிடைக்கும்.

கார்டு_குமாஸ்தா

எஸ்.டி. கார்டு பற்றி நான் சொல்கிறேன்.

32 ஜிபி போதும், ஃபேட்32 ஃபார்மேட். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட்டில் வரும், அதை ஃபேட்32க்கு மாற்றினால்தான் ஜி.டி.எமு படிக்கும். டிஸ்க்கின் முழு நகலான ஜி.டி.ஐ. இமேஜ் ஒன்று ஏறக்குறைய 1.1 ஜிபி, ஆக 32 ஜிபியில் இருபத்தைந்து கேம் வரை. சி.டி.ஐ. கோப்புகள் 700 எம்பி சி.டி.யில் அடங்குவதற்காக பெரும்பாலும் இசையையும் வீடியோவையும் குறைத்தவை. இடம் இருக்கும்போது ஜி.டி.ஐ. தான் நல்லது.

வாங்கியதும் முதல் வேலை போலியா என்று சோதிப்பது. 8 ஜிபி கார்டு 64 ஜிபி என்று காட்டும். முதல் சில கேம் நன்றாக ஓடும், பின்னால் எழுதியவை முன்னால் இருந்தவற்றை அழித்திருக்கும். பழி கடைசியில் ஜி.டி.எமு மேல் விழும். சோதிக்கும் மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 32 ஜிபிக்கு நேரம் பிடிக்கும், பாதியில் நிறுத்தினால் பயனில்லை.

அடுக்கும் முறை: 01 என்ற ஃபோல்டரில் மெனு, 02 முதல் ஒரு ஃபோல்டருக்கு ஒரு கேம். நடுவில் எண் விடுபடக் கூடாது. கையால் செய்யாமல் ஜி.டி.மெனு கார்டு மேனேஜர் என்ற கணினி மென்பொருளில் அடுக்கினால் தப்பு நேராது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஆன்லைனில் மலிவாக வரும் 5.15, 5.20 எல்லாம் நகல் போர்டு. அசல் ஜி.டி.எமுவுக்கு வந்த ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) அதில் ஏற்றினால் போர்டு திரும்ப எழாது. வந்தபடியே விட்டுவிடுங்கள்.

சேவ் பற்றிக் கேட்பவர்களுக்கு: சேவ் எல்லாம் வி.எம்.யு.வில் (கன்ட்ரோலரில் செருகும் மெமரி கார்டு) ஃபிளாஷ் மெமரியில் 200 பிளாக்கில் இருக்கிறது, எஸ்.டி. கார்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வி.எம்.யு. பேட்டரி செத்தாலும் சேவ் போகாது.

சிப்புட்_பழையபெட்டி

நன்றி அண்ணே. பின் துடைத்தேன், பஞ்சு தார் மாதிரி வந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடியது, ரீசெட் இல்லை. டிஸ்க் படிப்பதில் மாற்றம் இல்லை, ஆகவே ஜி.டி.எமு ஆர்டர் போடப்போகிறேன். ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறதே, அதற்கு பேட்டரி மாற்றினால் போதுமா? ஜி.டி.எமு போட்டால் பவர் சப்ளையின் 12 வோல்ட் பின்னை வெட்ட வேண்டும் என்றும் ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

ஓம்_விதி

வெட்டாதீர்கள்.

12 வோல்ட் லைனில் முக்கியச் சுமை டிஸ்க் டிரைவ்தான். டிரைவை எடுத்ததும் இழுக்க ஆளில்லாமல் அந்த வோல்ட்டேஜ் 12க்கு மேல் ஏறும், பவர் சப்ளை வழக்கத்தைவிடச் சூடாகும். பின்னை வெட்டினால் மெயின் போர்டுக்கு அந்த வோல்ட்டேஜ் போகாதே தவிர, பவர் சப்ளைக்குள் 12 வோல்ட் பகுதி சுமையில்லாமல்தான் கிடக்கும். பழைய டிரைவைத் திரும்பப் போடும் வழியும் அடைந்துவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு சுமை கொடுங்கள். மல்டிமீட்டரால் 12 வோல்ட் பின்னையும் கிரவுண்டையும் உறுதிசெய்து, நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் அது 55 மில்லிஆம்பியர் இழுக்கும், 0.65 வாட் சூடு. ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும், 2 வாட் அல்லது 3 வாட் போடுங்கள். தொட்டால் சுடும், பிளாஸ்டிக்கிலும் வயரிலும் படாமல் நிறுத்துங்கள். இது மட்டும் சோல்டர் வேலை. விருப்பமில்லாதவர்கள் முழு பவர் சப்ளையையும் ட்ரீம்பி.எஸ்.யு. போன்ற மாற்று போர்டாக மாற்றி, வெளியே 12 வோல்ட் அடாப்டர் வைக்கலாம். உள்ளே 230 வோல்ட்டே வராது என்பதால் சூட்டுக்கும் அது நல்லது.

தேதிக்கு: உள்ளே இருப்பது எம்.எல்.2032, திரும்ப சார்ஜ் ஆகும் வகை, கன்ட்ரோலர் போர்டில் சோல்டர் செய்யப்பட்டிருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சி.ஆர்.2032 அதே அளவில் இருக்கும், ஆனால் அது சார்ஜ் ஏற்கக் கூடாத வகை. பெட்டி அதற்குள் கரண்டைத் தள்ளினால் ஒழுகும், வெடிக்கவும் செய்யலாம். எம்.எல்.2032 தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஹோல்டர் வைத்துச் சோல்டர் செய்தால் அடுத்த முறை கையால் மாற்றலாம்.

மாலை இடிமழை நேரத்தில் சுவிட்ச் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். டி.வி. ஆண்டெனா வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். இடி அந்த வழியாக வந்து ஏ.வி. கேபிள் மூலம் பெட்டிக்குள் இறங்கும்.

ஈயக்கம்பி

12 வோல்ட் விஷயத்தை நான் விட்டுவிட்டேன், ஓம்_விதி சொன்னதுதான் சரி.

மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜ் பற்றி. அந்த பெட்டியின் பஸ் (கார்ட்ரிட்ஜுக்குப் போகும் சிக்னல் லைன்கள்) 5 வோல்ட். மலிவான கார்ட்ரிட்ஜில் 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை நேராக 5 வோல்ட்டில் இணைத்திருப்பார்கள். இன்று ஓடும். ஆனால் சிப்பின் உள் டையோடுகள் வழியாகத் தேவையில்லாத கரண்டு பாய்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பளுவைப் பெட்டியின் சிப்பும் சுமக்கும். கார்ட்ரிட்ஜ் போனால் காசு போச்சு, மெகா டிரைவ் சிப் போனால் எங்கே தேடுவது?

விற்பவரிடம் போர்டின் படம் கேள். தங்க விளிம்புக்கும் ஃபிளாஷ் சிப்புக்கும் நடுவில் 74எல்.வி.சி.245 அல்லது 164245 வகை லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே மாற்றிக் கொடுக்கும்) சிப்புகள் தெரிய வேண்டும். விளிம்பும் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும், வெட்டியபடி கூராக இருந்தால் ஸ்லாட் பின்களை வளைத்துவிடும். படம் தர மறுத்தால் வாங்காதே. காசு சேர்த்து எவர்டிரைவ் என்ற எஸ்.டி. கார்டு கார்ட்ரிட்ஜ் எடு. அதில் பேட்டரி இல்லாத மாடல் என்றால் சேவ் செய்தபின் ரீசெட் அழுத்திவிட்டுத்தான் அணைக்க வேண்டும், அப்போதுதான் சேவ் எஸ்.டி. கார்டில் எழுதப்படும். வாங்குமுன் அந்த மாடலுக்குப் பேட்டரி உண்டா என்று பார்த்துக்கொள்.