மறு: ‘ஹோல்டு’ என்பதற்குத் தமிழ்ச் சொல்: முன்பதிவா, ஒதுக்கீடா, வேறா?

அனைவருக்கும் வணக்கம்.

கோகா நூலக மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘ஹோல்டு’ என்பதற்கு முன்பதிவு, ஒதுக்கீடு, நிறுத்திவைப்பு, பிடிப்பு, காத்திருப்பு ஆகிய ஐந்து சொற்கள் இதுவரை இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு வரைவுக் கோப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் வரை இந்த விவாதம் முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வாசகர் ஒரு நூலைக் கேட்டுப் பதிந்துவைப்பது ஒன்று. அந்த நூல் கைக்கு வந்ததும் நூலகர் அதை அவருக்கென்று தனியே வைப்பது மற்றொன்று. முதலாவதை ‘முன்பதிவு’ என்றும் இரண்டாவதை ‘எடுத்துவைப்பு’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

இதை வலியுறுத்தக் காரணம், கோப்பில் இருக்கும் ஒரு வரி.

> நிலை: காத்திருப்பில்

முன்பதிவுப் பட்டியலில் ‘வெயிட்டிங்’ என்று வரும் நிலைக்கு யாரோ இப்படி எழுதியிருக்கிறார்கள். சொல்லை மட்டும் பார்த்தால் குறையில்லை. ஆனால் கோகாவில் அந்த நிலை வருவது எப்போது? முன்பதிவு அட்டவணையில் ‘ஃபவுண்ட்’ என்று ஒரு புலம் இருக்கிறது. வாசகர் கேட்டுவிட்டார், நூல் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அது வெறுமையாக இருக்கும். நூல் வேறு கிளையிலிருந்து வந்துகொண்டிருந்தால் ‘டி’ என்று மாறும். நூல் வந்து சேர்ந்து, அந்த வாசகருக்கென்று தட்டில் வைக்கப்பட்டுவிட்டால் ‘டபிள்யூ’. திரையில் ‘வெயிட்டிங்’ என்று தெரிவது இந்தக் கடைசி நிலைதான். காத்திருப்பது நூல், வாசகர் அல்லர்.

தமிழ்நாட்டில் ரயில் டிக்கெட் எடுத்துப் பழகிய எவரும் ‘காத்திருப்பில்’ என்பதை எப்படிப் படிப்பார்? ‘நம் முறை இன்னும் வரவில்லை, பட்டியலில்தான் இருக்கிறோம்’ என்று படிப்பார். நூலகத்துக்குப் போக மாட்டார். கோகாவில் பெற்றுக்கொள்ளும் கெடு, நாம் மாற்றாவிட்டால், ஏழு நாள். கெடு தாண்டியதும் முன்பதிவு தானாகவே ரத்தாகும்படி அமைத்திருக்கும் நூலகத்தில் நூல் அடுத்தவருக்குப் போய்விடும். வாரக்கணக்கில் பொறுத்திருந்த ஒருவர், தன் நூல் தட்டில் தயாராக இருந்ததையே அறியாமல் அதை இழந்துவிடுவார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் நூல்களுக்குத்தான் வரிசை நீளமாக இருக்கிறது.

அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி மற்றப் பரிந்துரைகள்.

> ஒதுக்கீடு என்பது ஏற்கெனவே உள்ள சொல். ரிசர்வ் என்பதற்கு நேரான பொருள்.

பொருள் நேராக இருக்கலாம். ஆனால் இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு, தொகுதி ஒதுக்கீடு என்று நாளிதழில் படிக்கும்போது, மேலிருந்து ஒருவர் பங்கிட்டுத் தருவதாகத்தான் அது மனத்தில் பதிந்திருக்கிறது. இங்கே யாரும் எதையும் பங்கிடவில்லை. கேட்ட வரிசையில் நூல் போகிறது, அவ்வளவுதான்.

> நிறுத்திவைப்பு – சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

தேர்வு முடிவு நிறுத்திவைப்பு, ஊதிய உயர்வு நிறுத்திவைப்பு என்ற செய்திகளைப் படித்து வளர்ந்தவர் தன் கணக்கில் ‘3 நிறுத்திவைப்புகள்’ என்று கண்டால் அபராதம் ஏதோ பாக்கி என்று நினைப்பார். இந்தச் சொல்லை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ‘பிடிப்பு’ என்றாலோ, சம்பளப் பிடித்தம், வாயுப்பிடிப்பு என்று எங்கெங்கோ எண்ணம் போகிறது, அதை விட்டுவிடலாம்.

முன்பதிவுக்கு வந்த மறுப்பு கொஞ்சம் கனமானது.

> பஸ்ஸிலோ ரயிலிலோ முன்பதிவு என்றால் இருக்கை உறுதி, நாளும் உறுதி. நூலகத்தில் இரண்டுமே இல்லையே?

உண்மை. ஆனாலும் இந்த வேறுபாட்டை வாசகர் தானாகவே புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். சமையல் எரிவாயு உருளைக்கு முன்பதிவு செய்கிறோம். எந்த நாள் வரும் என்று சொல்வதில்லை, யாரும் குழம்புவதும் இல்லை. மேலும், இது பொத்தானில் உட்காரக்கூடிய சொல். ‘முன்பதிவு செய்’ என்றால் பள்ளி மாணவருக்கும் புரியும். ‘முன்பதிவு வரிசை’, ‘முன்பதிவை ரத்துசெய்’ என்று அதிலிருந்து பிறக்கும் தொடர்களும் தட்டில்லாமல் வருகின்றன. ‘கோரிக்கை’ என்று போடலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நூல் வாங்கச் சொல்லிப் பரிந்துரைப்பதற்கும், வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தரக் கேட்பதற்கும் கோகாவில் தனித்தனிப் பகுதிகள் உண்டு. கோரிக்கை என்ற சொல் அங்கே தேவைப்படும். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கோகா 1999இல் நியூசிலாந்தின் ஹோரோஹெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அங்கே இதற்குப் பெயர் ‘ரிசர்வ்’. திரையில் அது பின்னால் ‘ஹோல்டு’ ஆகிவிட்டது. ஆனால் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் அட்டவணையின் பெயர் இன்றும் ‘ரிசர்வ்ஸ்’தான், கெடு எத்தனை நாள் என்று குறிக்கும் மென்பொருள் அமைப்பின் (செட்டிங்) பெயரிலும் அதே சொல்தான். கல்லூரி நூலகங்களில் பாடத்துக்கென்று தனியே வைக்கும் நூல்களை ‘கோர்ஸ் ரிசர்வ்ஸ்’ என்கிறார்கள், அதற்கும் கோகாவில் ஒரு பகுதி இருக்கிறது. அவர்களே பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றால், நாம் நமக்கு வேண்டிய இடத்தில் பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

இப்போது ‘எடுத்துவைப்பு’. மேசையில் நடப்பதைப் பாருங்கள். திரும்பி வந்த நூலின் பார்கோடை நூலகர் ஸ்கேன் செய்கிறார். திரையில் ஒரு பெட்டி எழும்புகிறது: இந்த நூலுக்கு முன்பதிவு இருக்கிறது, கேட்டவர் இன்னார், அவருடைய அட்டை எண் இது. கீழே பொத்தான்கள்: உறுதிசெய், சீட்டு அச்சிட்டு உறுதிசெய், விட்டுவிடு. நூலகர் சீட்டை அச்சிட்டு, நூலின் நடுவே தலை தெரியும்படி செருகி, பின்னால் இருக்கும் தட்டில் வைக்கிறார். இந்தச் செயலை நாம் அன்றாடம் எப்படிச் சொல்வோம்? காய்கறிக் கடையில், துணிக்கடையில், பழைய புத்தகக் கடையில் நாம் கேட்பது ‘எனக்கு ஒன்று எடுத்துவையுங்கள்’ என்பதுதான். கணினி வராத காலத்தில் தன் முகவரி எழுதிய அஞ்சலட்டையை நூலகரிடம் கொடுத்துவிட்டுப் போன வாசகர்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நூல் வந்ததும் அந்த அட்டை தபாலில் வரும். இந்தக் குழுவில் மூத்த நூலகர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கிளைகளில் அப்போது என்ன சொல் புழங்கியது என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

> எடுத்துவைப்பு பேச்சு வழக்குப் போல இருக்கிறது. கலைச்சொல்லுக்குரிய கட்டு இல்லை.

ஐயா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வழக்கு ஒத்திவைப்பு, தேர்வு தள்ளிவைப்பு என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. எடுத்துவைப்பும் அதே அச்சில் வார்த்த சொல்தான். வைப்புத்தொகை, நிலைவைப்பு என்று வங்கிகளும் ‘வைப்பு’ என்பதை ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ‘வாதத்தை எடுத்துவைத்தார்’ என்ற வேறு பொருளும் உண்டே என்று கேட்டால், உண்டுதான். ஆனால் நூலகத் திரையில் வாதம் வருவதற்கு இடமில்லை.

நீளம் பற்றியும் பார்க்க வேண்டும். நூல் தயாரானதும் போகும் அறிவிப்பைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம். தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்துக்கு 160. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். ‘எடுத்துவைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால் அந்த ஒரு சொல்லே 24 குறிகளைத் தின்றுவிடும், ‘எடுத்துவைப்பு’ 13. ஆகவே திரைக்கும் செய்திக்கும் ஒரே வடிவம் வேண்டியதில்லை. பட்டியலில் நிலையைக் காட்டும் இடத்தில் ‘எடுத்துவைத்துள்ளோம்’ என்று வைக்கலாம். செய்வினை, யார் செய்தது என்பதும் தெரிகிறது. குறுஞ்செய்தியில் ‘நூல் தயார்’ என்று தொடங்கி, நூலின் பெயரையும் கெடு நாளையும் மட்டும் சொன்னால் போதும்.

இதைச் சார்ந்த வேறு சில சொற்களும் இருக்கின்றன. ‘ஹோல்டு ஷெல்ஃப்’ எடுத்துவைப்புத் தட்டு. ‘பிக்அப் லொகேஷன்’ பெற்றுக்கொள்ளும் கிளை. ‘பிரையாரிட்டி’ என்று வருவதை ‘முன்னுரிமை’ என்று போட்டிருக்கிறார்கள். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அது கேட்டவர்களின் வரிசையில் எத்தனையாவது என்று காட்டும் எண். முன்னுரிமை என்றால் யாருக்கோ சலுகை காட்டுவதுபோல் ஆகிறது, நூலகரிடம் சண்டைக்கு வருவார்கள். ‘வரிசை எண்’ போதும். ‘சஸ்பெண்ட்’ என்பது, வாசகர் ஊருக்குப் போயிருக்கும்போது வரிசையில் தன் இடம் போகாமல் கொஞ்ச நாள் தள்ளிவைப்பது. அதற்குத் ‘தள்ளிவை’ என்பதே நல்ல சொல். ‘இடைநீக்கம்’ வேண்டவே வேண்டாம்.

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கோப்பில் ‘பேட்ரன்’ எல்லா இடத்திலும் ‘புரவலர்’ ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் புரவலர் என்பவர் 1000 ரூபாய் நன்கொடை செலுத்திச் சேர்ந்தவர். பெரும்புரவலர், கொடையாளர் என்று அதற்கு மேலும் படிகள் உண்டு. கோகா சொல்வதோ நூல் எடுக்க வரும் எவரையும். அட்டை பற்றிய இடங்களில் உறுப்பினர், மற்ற இடங்களில் வாசகர் என்று வைத்தால் மேசையில் இருப்பவருக்குக் குழப்பம் வராது. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே ஆங்கிலச் சரம், அதாவது திரையில் வரும் சொல்லோ தொடரோ, எத்தனை இடத்தில் வந்தாலும், எந்தப் பொருளில் வருகிறது என்று சொல்லும் சூழல் குறிப்பு சேர்க்கப்படாவிட்டால், ஒரு பதிவாகத்தான் நிற்கும். நாம் எழுதும் ஒரே தமிழ் அத்தனை இடங்களிலும் போய் உட்காரும். ‘ஹோல்டு’ என்று தனியாக நிற்கும் சரங்களில் நான் சொல்லும் பிரிவை அப்படியே செய்ய முடியாது. முதலில் ஒவ்வொன்றும் எந்தத் திரையில் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பொருளிலும் வரும் சரங்களுக்குச் சூழல் குறிப்பு சேர்த்துத் தரும்படி கோகாவின் வழுப்பதிவில் (மென்பொருள் பிழைகளைத் தெரிவிக்கும் தளத்தில்) கேட்கலாம். அது வரும் வரை அந்தச் சரங்களில் ‘முன்பதிவு’ என்றே இருக்கட்டும். அதனால் வாசகருக்கு இழப்பு எதுவும் இல்லை. நிலையைக் காட்டும் ‘வெயிட்டிங்’ வரியை மட்டும் இன்றே மாற்றிவிட வேண்டும். அதற்கான திருத்தத்தைப் பரிந்துரையாக இட்டிருக்கிறேன். உரிமை உள்ளவர்கள் யாராவது சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் நன்றி உடையவனாக இருப்பேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் ‘முற்பதிவு’ என்றும் ‘அங்கத்தவர்’ என்றும் எழுதுவீர்கள். அவற்றைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ‘எடுத்துவைப்பு’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கடைக்காரரிடம் ஒரு பொருளைத் தனியே வைக்கச் சொல்லும்போது வேறு வினை வழங்குமானால் தயவுசெய்து எழுதுங்கள். அது இதைவிட நன்றாக இருந்தால் அதையே இரு பக்கமும் எடுத்துக்கொள்ளலாம்.